ராணுவத்தில் ஓய்வு பெற்றபின் வெளிநாட்டில் ஆயுதமேந்திய பாதுகாப்புப் பணிக்குச் செல்வது எப்படி?

பதினேழு ஆண்டுகள் காலாட்படையில் இருந்து அண்மையில் ஓய்வு பெற்ற ஒருவர், வெளிநாட்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களில் சேர வழி கேட்டிருக்கிறார். நானும் ராணுவத்தில் நாயக் பதவியில் ஓய்வு பெற்று, 2012 முதல் ஐந்து ஆண்டுகள் சரக்குக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கும் ஆயுதமேந்திய காவலராகப் பணியாற்றியவன். ஆகையால் கடற்பணியைப் பற்றியே விரிவாகச் சொல்ல இயலும்.

நிலத்தில் கிடைக்கும் வேலைகளில் பெரும்பாலானவை வளைகுடா நாடுகளில் உள்ளன. அங்கே வணிக வளாகங்களையும் குடியிருப்புகளையும் காப்பவர்கள் பொதுவாக ஆயுதம் ஏந்துவதில்லை. துபாயில் ‘சிரா’ என்ற அரசு அமைப்பின் பயிற்சியையும் தேர்வையும் முடித்து, அதன் அட்டையைப் பெற்ற பின்னரே பணியில் நிற்க முடியும். போர் நடக்கும் நாடுகளில் தூதரகங்களையும் முகாம்களையும் காக்கும் பணிக்குச் சம்பளம் கூடுதல்தான். ஆனால் 2016 ஜூனில் காபூலில் கனடா தூதரகக் காவலர்களை ஏற்றிச் சென்ற சிற்றுந்து தாக்கப்பட்டபோது இறந்தவர்கள் நேபாளிகளும் இரண்டு இந்தியர்களும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கடற்பணிக்குத் தேவையானவை: ராணுவத்தின் டிஸ்சார்ஜ் புத்தகம், கடவுச்சீட்டு, காவல்துறை நன்னடத்தைச் சான்று, கடலோடிகளுக்கான மருத்துவத் தகுதிச் சான்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கடலோடி விதிகளின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, கப்பல் பாதுகாப்புப் பயிற்சி. இந்தப் பயிற்சிகளைக் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டுமே முடியுங்கள். ராணுவத்தில் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டீர்கள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், கேட்பதெல்லாம் காகிதம்தான்.

இதை நான் இலங்கையின் காலி துறைமுகத்துக்கு வெளியே, ஓர் இரவில் கண்டேன். நாங்கள் நால்வரும் படகிலிருந்து கயிற்றேணியில் ஏறி மேல்தளத்தை அடைந்ததும், துப்பாக்கிப் பெட்டிகள் கயிறு கட்டி மேலே இழுக்கப்பட்டன. தளத்தில் ஒரு போர்வையை விரித்துத் தோட்டாக்களைப் பத்துப் பத்தாக அடுக்கினோம். கேப்டன் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் உரிமக் காகிதத்தோடு ஒப்பிட்டு வந்தார். மூன்றாவது துப்பாக்கியில் 8 இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தில் 3 இருந்தது. தட்டச்சுப் பிழை என்று எங்கள் குழுத் தலைவர் ஒரு மணி நேரம் தொலைபேசியில் மன்றாடியும் பயனில்லை. அந்தத் துப்பாக்கி படகிலேயே திரும்பிச் சென்றது. மீதி மூன்றோடு செங்கடல் நோக்கிப் புறப்பட்டோம்.

அந்தக் கேப்டனின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தபோது, அதில் காவலர்களும் மாலுமிகளுமாக 35 பேர் இருந்தனர். முறையான அனுமதியின்றி ஆயுதங்களோடு இந்தியக் கடல் எல்லைக்குள் நுழைந்தார்கள் என்பது வழக்கு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. அந்த நான்கு ஆண்டுகளில் சிறையிலும் வெளியிலும் காத்துக் கிடந்தவர்களில் பலர் பிரிட்டன், எஸ்தோனியா நாடுகளின் முன்னாள் படைவீரர்கள். நம் நாட்டவரும் இருந்தனர்.

சம்பளத்தில் நானே ஏமாந்த கதையும் உண்டு. என் முதல் ஒப்பந்தத்தில் தொகை நாள் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அதை முப்பதால் பெருக்கி வீட்டில் மாதக் கணக்காகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அந்தத் தொகை வணிகக் கப்பலில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமே உரியது. அடுத்த கப்பலுக்காக மிதக்கும் ஆயுதக் கிடங்கில் (ஆயுதங்களையும் காவலர்களையும் தங்க வைத்து நடுக்கடலில் நிற்கும் கப்பல்) காத்திருந்த பத்தொன்பது நாட்களுக்கு எனக்குக் கிடைத்தது சோறும் படுக்கையும்தான். ஒப்பந்தத்தில் ‘காத்திருப்பு நாள்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள்.

சந்தையும் முன்போல் இல்லை. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்களுக்குப் பெரும் தேவை இருந்தது. பின்னர் கொள்ளை அடங்கியதால், இந்தியப் பெருங்கடலுக்கான ‘உயர் அபாயப் பகுதி’ அறிவிப்பைக் கப்பல் துறை 2023 ஜனவரி 1 முதல் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் கடத்தல்கள் மீண்டும் தலைதூக்கின என்றாலும், பழைய ஊதியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முகவர்களைப் பொறுத்தவரை, வெளியுறவு அமைச்சகத்தின் ‘இமைகிரேட்’ தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்களின் கடவுச்சீட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், அரசின் ஒரு சல்லடை உங்களுக்கு இல்லாமல் போகிறது. அந்த வேலையை நீங்களே செய்தாக வேண்டும். ரஷ்யாவில் உதவியாளர், காவலர் வேலை என்று யூடியூபில் பார்த்து நம்பிப் போன இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டது குறித்து 2024-இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. சுற்றுலா விசாவில் வரச் சொல்லும் எவரையும் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயர் கையில் வந்ததும், ஜெனீவாவில் இயங்கும் ‘ஐகோகா’ என்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்கான நடத்தை விதிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் மட்டும் கேளுங்கள்: ஆயுத உரிமம் எந்த நாட்டுடையது, எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடும் கப்பல், இறந்தாலோ ஊனமுற்றாலோ காப்பீடு யாருக்கு எவ்வளவு தரும், கைதானால் வழக்கறிஞர் செலவு யாருடையது? தொலைபேசியில் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். எழுத்தில் தரத் தயங்கிய இரண்டு நிறுவனங்களை நான் அவ்வாறே விட்டுவிட்டேன். அவற்றில் ஒன்று அடுத்த ஆண்டே ஆட்களுக்குச் சம்பளம் தராமல் மூடப்பட்டது.