மனிதர் தலையீடு இல்லாமலே கடல் மட்டம் மாறுமா?

மாறும், நன்றாகவே மாறும். பெரிய காரணம் பனி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அவ்வளவு நீரும் நிலத்தின்மேல் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது வெறும் தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதுதான் பனி இப்படிக் கூடிக் குறைவதன் மூலக் காரணம். அதற்காக, கடந்த நூறு ஆண்டுகளில் கண்ட உயர்வையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கு முக்கியக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும்தான்.

சரி, பலர் கவனிக்காத இன்னொன்று: கடல் அப்படியே இருக்க, நிலம் ஏறி இறங்கும். வடக்கு ஸ்வீடனில் பனிப்பாளத்தின் பாரத்தால் அமுங்கிய நிலம், பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் ஆண்டுக்குச் சுமார் 8, 9 மில்லிமீட்டர் மேலெழுந்துகொண்டே இருக்கிறது. அங்குள்ள லூலியோ நகரின் துறைமுகத்தில் இதனால் ஆழம் குறைந்து கப்பல் வர முடியாமல் போக, 1649-இல் நகரையே கடலை நோக்கி இடம் மாற்றினார்கள்! பழைய கல் தேவாலயம் இன்று கரையிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கிறது.

நிலநடுக்கம் வந்தால் இதே மாற்றம் சில நிமிடங்களில் நடந்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கே கரையில் இருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

அப்புறம் எல் நினோ, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் பெருங்கடலில் இயல்பாக வரும் சூடேற்றம். சூடான நீர் பசிபிக்கின் கிழக்குப் பக்கம் நகர்வதால் பெரு கரையோரம் கடல் மட்டம் சில மாதங்களுக்கு உயர்ந்து, பிறகு பழையபடி இறங்கிவிடும்.