முறுமுறுப்பை விடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: காலையில் கண் விழித்தது முதல் யாரையாவது குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஜெபித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: வேதாகமத்தில் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். வனாந்தரத்தில் தேவன் தந்த மன்னா என்ற உணவில் சலித்துப்போன இஸ்ரவேல் ஜனங்கள், எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்துத் தங்கள் கூடாரவாசல்களில் நின்று அழுகிறார்கள். அதே அதிகாரத்தில் அவர்களை வழிநடத்திய மோசேயும் இந்தப் பாரத்தைத் தன்னால் சுமக்க முடியாது, தன்னைக் கொன்றுவிடுங்கள் என்றுகூடச் சொல்கிறார். ஆனால் அதைக் கர்த்தரிடமே சொல்கிறார். ஜனங்களுக்கு வாதை வந்தது. மோசேக்கோ பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். மோசேயின் வார்த்தைகள் மென்மையானவை அல்ல. அவை சென்று சேர்ந்த இடம்தான் வேறு.

ஒருமுறை, உடன் ஊழியம் செய்பவரைப் பற்றி நண்பர் ஒருவருக்கு அனுப்பிய குரல்செய்தியை நானே மறுபடி கேட்டேன். நான்கு நிமிடப் பேச்சில் நண்பரிடம் நான் கேட்ட உதவி என்று ஒன்றுகூட இல்லை. அன்றிரவு அதையே வார்த்தை மாறாமல் ஜெபத்தில் சொல்ல முயன்றேன். "அவருக்கு என்மேல் எப்போதுமே பொறாமை" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது, ஏனென்றால் அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த காரியம் அல்ல என்பது கர்த்தருக்கு முன்பாகச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. ஆகவே, மனிதரிடம் சொல்லப்போகும் குறையை முதலில் கர்த்தரிடம் சொல்லிப் பாருங்கள். மிஞ்சுவதை மட்டும் உரியவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தால் போதாதா?

பதில்: போதாது. 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, துதி கடைசியில்தான் வருகிறது. வலியைச் சொல்லாமல் தாண்டிச் செல்லும் ஸ்தோத்திரம் உதட்டோடு நின்றுவிடும்.

கேள்வி: என் மனைவி எப்போதும் குறை சொல்கிறாள். எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யச் சொல்லும் பிலிப்பியர் 2:14-ஐ அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அந்த வசனத்தை முதலில் உங்களுக்கு வாசித்துக்கொள்ளுங்கள். மற்றவர் வாயை அடைப்பதற்கு வேத வசனத்தை எடுக்காதீர்கள் என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அடிபடுகிறவரின் கூக்குரலை முறுமுறுப்பு என்று பெயரிட்டு அடக்குவது பாவம்.

கேள்வி: உங்கள் முதல் பதிலை ஏற்க முடியாது. யாரிடம் சொன்னாலும் முறுமுறுப்பு முறுமுறுப்புதான். மோசேயை முன்மாதிரியாகக் காட்டினால் விசுவாசிகள் வழிதவறுவார்கள்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஜெபம் என்ற போர்வையில் கசப்பை வளர்ப்பவர்கள் உண்டு. ஆயினும் யோபு 42:7-ஐக் கவனியுங்கள். தேவனுக்காக வாதாடிய சிநேகிதர்கள் நிதானமாய், அதாவது சரியானதை, பேசவில்லை என்றும், அதிகாரம் அதிகாரமாய்த் தேவனோடு வழக்காடிய யோபு நிதானமாய்ப் பேசினார் என்றும் கர்த்தரே சொல்கிறார். புலம்பலைப் பாவப் பட்டியலில் சேர்த்தால் சங்கீதப் புத்தகத்தில் பல சங்கீதங்களை மூடிவைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் எபிரெயருக்கு விரோதமாகத்தானே முறுமுறுத்தார்கள்? கர்த்தரிடம் சொல்லவில்லையே. ஆனாலும் அவர்களுக்கு நியாயம் கிடைத்ததே?

பதில்: நல்ல கேள்வி, என் பதிலில் விடுபட்டதை நிரப்புகிறது. அவர்களுடைய விதவைகள் அன்றாட உதவிப் பங்கீட்டில் விடுபட்டது உண்மைக் குறை. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்காமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். எனவே கேட்பவருக்கும் கடமை உண்டு: சொன்ன விதம் தவறாயிருந்தாலும் சொன்ன காரியத்தை விசாரிக்க வேண்டும். சபைத் தலைவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய வருத்தம்.

கேள்வி: தினமும் நூறு முறை ஸ்தோத்திரம் சொன்னால் பழக்கம் மாறுமா?

பதில்: இதற்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். எண்ணிக்கை மாறினாலும் பதில் மாறாது.

கேள்வி: எதிலும் மகிழ்ச்சியில்லை, தூக்கமும் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்றே புலம்புகிறேன். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: இதை முறுமுறுப்பு என்று எண்ணாதீர்கள். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சாக விரும்பியபோதும் தேவதூதன் கண்டிக்கவில்லை. அவரைத் தட்டியெழுப்பி உணவு கொடுத்தான்.

கேள்வி: எத்தனை நாளில் இந்தப் பழக்கம் போகும்?

பதில்: எனக்கே முழுவதும் போகவில்லை. குரல்செய்தியைப் பதிவுசெய்யத் தொடங்கும் முன், "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ஆம் சங்கீதத்தின் ஜெபத்தைச் சொல்கிறேன். சில நாள் அதன்பின் பேசுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. சில நாள் சொல்ல மறந்துபோய், அனுப்பிய பிறகு அந்த நண்பரை அழைத்து மன்னிப்புக் கேட்கிறேன்.