டாப் ரோப் ஏற்றத்துக்கு ஏற்ற பாறையை அறிவது எப்படி?

கேள்வி: உள்ளரங்கச் செயற்கைச் சுவரில் ஓராண்டாக டாப் ரோப் முறையில், அதாவது உச்சியில் முன்பே மாட்டிய கயிற்றின் பாதுகாப்பில், ஏறிப் பழகியிருக்கிறோம். கயிற்றைக் கீழிருந்து கொண்டுசென்று வழியில் மாட்டியபடி ஏறும் லீட் ஏற்றத்தில் பயிற்சி இல்லை. ஒருநாள் பயணத்தில் சென்று திரும்பக்கூடிய சில பாறைத்தலங்களைக் குறித்து வைத்துள்ளோம். அவற்றுள் எங்களுக்கு ஏற்றது எது என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: லீட் ஏறத் தெரியாத குழுவுக்கு, கயிறின்றி நடந்தே உச்சியை அடைய வழியுள்ள பாறை மட்டுமே பயன்படும். எனவே ஒவ்வொரு தலத்தைப் பற்றியும் இதை முதலில் விசாரியுங்கள். தடங்களின் கடினத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புகைப்படங்களில் பாறையின் முகம்தான் தெரியுமே தவிர, பின்புறப் பாதை தெரியாது.

அடுத்தது, உச்சியில் கயிற்றை எதில் கட்டுவது என்பது. இது தலத்துக்குத் தலம் மாறும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே, போட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ள கார்டராக்கில் பாறை உயரம் குறைவு. உச்சிக்கு எளிதில் நடந்து செல்லலாம், கட்டுவதற்கு மரங்களும் உண்டு. அந்நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள டெவில்ஸ் லேக்கில் நிலைமை வேறு. அங்குள்ள குவார்ட்சைட் பாறை மிக உறுதியானது என்றாலும் அதில் நிலையான போல்ட் அடிக்கும் வழக்கம் இல்லாததால், பிளவுகளில் நட்டு, கேம் எனப்படும் உலோகக் கருவிகளைப் பொருத்தி ஆங்கர் (கயிற்றுக்கான பிடிமானம்) அமைக்கத் தெரிந்த ஒருவர் உடன் வந்தாக வேண்டும். உங்கள் குழுவில் அத்தகையவர் இல்லையென்றால், எவ்வளவு புகழ்பெற்ற தலமாயினும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பாறையின் வகையையும் கவனிக்க வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தின் ஹாரிசன்ஸ் ராக்ஸில் மணற்கல் மிக மென்மையானது. லீட் ஏறுவோர் பொருத்தும் கருவிகளை அது தாங்காது என்பதால்தான் அங்கு டாப் ரோப் முறையே வழக்கமாயிற்று. அதே மென்மையின் காரணமாக, ஓடும் கயிறு விளிம்பில் உராய்ந்து பள்ளம் பறித்துவிடாதபடி, காரபைனர் (கயிறு ஓடும் உலோகக் கொக்கி) விளிம்புக்குக் கீழே தொங்குமாறு ஆங்கரை நீட்டிக் கட்டுவது அங்கு கட்டாயமாகக் கருதப்படுகிறது. இவ்வழக்கத்தை எந்தப் பாறையிலும் கடைப்பிடிப்பது நல்லது. நீங்கள் நம்பித் தொங்கும் கயிறும் அதனால் தேயாமல் இருக்கும். மழையில் நனைந்த மணற்கல் வலுவிழந்து பிடிகள் உடையும் என்பதால், மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும் உட்புறம் உலரும்வரை ஏறக் கூடாது.

உயரக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். கயிறு மேலே சென்று கீழே திரும்புவதால், 60 மீட்டர் கயிற்றைக் கொண்டு 30 மீட்டர் பாறையில் ஏறலாம் என்று எண்ணுவார்கள். முடிச்சுக்கும், பிலே செய்பவர் (கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர்) நிற்கும் இடத்துக்கும் கயிறு போய்விடுவதால் 25 மீட்டரோடு நிறுத்திக்கொள்வதே சரி. அதைவிட முக்கியமானது கயிற்றின் நீட்சி. 80 கிலோ எடை தொங்கும்போது ஒற்றை டைனமிக் கயிறு (ஏறுவதற்கான, நீளக்கூடிய கயிறு) 10 விழுக்காடு வரை நீள ஐரோப்பியத் தரவிதி அனுமதிக்கிறது. 25 மீட்டர் பாறையின் அடிப்பகுதியில் ஒருவர் நழுவினால், அவருக்கும் பிலே செய்பவருக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 47 மீட்டர் நீளக் கயிறு முழுவதும் இழுபட்டு நீளும். அவர் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தாலும் தரையில் மோதக்கூடும். உள்ளரங்கத்தில் உயரம் குறைவாக இருப்பதால் இதை நீங்கள் உணர்ந்திருக்க மாட்டீர்கள். தொடக்க மீட்டர்களில் பிலே செய்பவர் கயிற்றைத் தளர்வின்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஆங்கருக்கு நீளாத ஸ்டாட்டிக் கயிற்றையும், ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்களையாவது பயன்படுத்துங்கள். ஆங்கர் கயிற்றின் இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். 120 பாகையாகிவிட்டால் ஒவ்வொரு கிளையும் முழு எடையையும் தாங்க நேரிடும். கயிறு தடத்துக்கு நேர் மேலே தொங்காவிட்டால், நழுவியவர் பக்கவாட்டில் ஊசலாடிப் பாறையில் மோதுவார். விளிம்பருகே ஆங்கர் கட்டுபவர் முதலில் தம்மைக் கட்டிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன் அனுமதி விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். பைரி போன்ற பறவைகள் கூடு கட்டும் காலத்தில் பல பாறைகள் மூடப்படுகின்றன.