விடாக்கண்டன் டேபிளுக்கு வந்தா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் சார். பழைய நாணயம், ஸ்டாம்ப் எல்லாம் சேர்க்கிறேன், ரெண்டு வருஷமா கண்காட்சில டேபிள் போட்டு விக்கவும் செய்றேன். ஒருத்தர் தவறாம வந்துடறார். ஒரு காசை எடுத்து லென்ஸ் வச்சு பத்து நிமிஷம் பார்ப்பார், கீறல் இருக்கு, எழுத்து தேஞ்சிருக்குன்னு குறை சொல்வார், அப்புறம் பாதி விலைக்குக் கேட்பார். முடியாதுன்னா ஒரு ரவுண்டு சுத்திட்டு திரும்ப வருவார், அதே காசு, அதே பாதி விலை. போன தடவை நாலாவது முறை வந்தப்போ ஆள விட்டா போதும்டா சாமின்னு வாங்கின விலைக்கே குடுத்துட்டேன். ராத்திரி தூக்கமே வரல. இவரை எப்படித்தான் சமாளிக்கிறது?

பதில்: வேண்டாத காசுக்காக எவனும் நாலு தடவை ஹாலை சுத்தி வரமாட்டான்மா. அவருக்கு அந்தக் காசு பிடிச்சிருக்கு, அது உங்களுக்கு சாதகமான விஷயம், ஆனா நீங்க அதை தொல்லையா பார்த்து இறங்கிட்டீங்க. நாலு தடவை வந்தா விலை இறங்கும்னு இப்போ நீங்களே அவருக்கு பாடம் நடத்தி அனுப்பியிருக்கீங்க, அடுத்த தடவை அஞ்சாவது முறையும் வருவார் பாருங்க.

வீட்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விலை முடிவு பண்ணிடுங்க, ஒண்ணு ஸ்டிக்கர்ல போடறது, இன்னொண்ணு இதுக்குக் கீழ தலைகீழா நின்னாலும் தரமாட்டேன்ங்கறது. ரெண்டாவது மனசுல நிக்காது, கூட்டத்துல மறந்துடும், அதனால பழைய வியாபாரிங்க செய்ற மாதிரி குறியீடா எழுதி வைங்க. பத்து எழுத்து இருக்கணும், ஒரு எழுத்து கூட திரும்ப வரக்கூடாது, அப்படி ஒரு சொல்லோ வாக்கியமோ பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணுன்னு வச்சுக்கலாம். காசை வைக்கிற அட்டை ஹோல்டர் பின்னாடி எழுதினா எதிர்ல நிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது.

அவர் எடுத்த எடுப்புலயே பாதி விலைன்னு சொல்றாரே, அது சும்மா இல்ல. 1974ல டிவெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆளுங்க எழுதின கட்டுரைல ஒரு சோதனை வரும். ஒரு சக்கரத்தை சுத்தி விடுவாங்க, அது 10லயோ 65லயோ மட்டும் நிக்கிற மாதிரி செட் பண்ணினது. அப்புறம் ஐ.நா.வுல ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்னு கேட்டா, 10 பார்த்தவங்க சுமாரா 25ங்கறாங்க, 65 பார்த்தவங்க 45ங்கறாங்க. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது, ஆனாலும் காதுல விழுந்த நம்பர் ஆளை இழுத்துடுது. அதனால அவர் சொல்ற பாதி விலையை நீங்க வாயால திருப்பிக்கூட சொல்லாதீங்க, "பாதிக்கு எப்படி சார் கட்டும்"னு ஆரம்பிச்சாலே பேச்சு அவர் நம்பரைச் சுத்திதான் போகும். உங்க விலையைச் சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. இதுதான் ரொம்ப கஷ்டம், எனக்கே பல வருஷம் ஆச்சு. அந்த அமைதி தாங்காம நாமளே "சரி, ஒரு பத்து கொறைச்சுக்கறேன்"னு உளறிடுவோம்.

குறை சொன்னா வாதாடவே வேண்டாம். நாணயத்துக்கு 1 முதல் 70 வரை தரம் போடற முறை 1949ல ஷெல்டன்ங்கறவர் பழைய அமெரிக்க செப்பு சென்ட்டுகளுக்காக போட்டது, இன்னைக்கு உலகத்துல பல இடத்துலயும் அதே எண்கள்லதான் தரம் பேசறாங்க. கீறலும் தேய்மானமும் அந்த எண்ணுக்குள்ளயே வந்துடும். "ஆமா சார், கீறல் இருக்கு, அதைப் பார்த்துதான் இந்த விலையே போட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, அவர் கைல இருக்கிற பெரிய ஆயுதமே போச்சு. அப்படியே காசை வாங்கி தட்டுல வச்சிடுங்க. காசு அவர் விரலுக்கு நடுவுல இருக்கற வரைக்கும் அது பாதி அவருதுதான், அதுலயும் செப்புக் காசா இருந்தா காசோட முகத்துல கை பட்ட இடத்துல ரேகை அப்படியே படிஞ்சு கறுத்துடும், ஓரத்தைப் பிடிச்சு பாருங்கன்னு தாராளமா சொல்லலாம், தப்பே இல்ல.

இறங்கித்தான் ஆகணும்னா சின்னச் சின்னதா இறங்குங்க. நூறு சொன்னா முதல்ல 95, அடுத்து 93, அதோட சரி. இல்லன்னா இன்னொண்ணும் சேர்த்து எடுத்தா கொறைக்கறேன்னு சொல்லிப் பாருங்க, நான் பெரும்பாலும் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: போனை நீட்டி "ஆன்லைன்ல இதைவிட கம்மி"ங்கறாங்க. என்ன சொல்றது?

பதில்: யார் வேணா என்ன விலை வேணா போடலாம், வித்த விலை எதுன்னு கேளுங்க. ஏல சைட்டுகள்ல வித்து முடிஞ்சதை மட்டும் தனியா காட்டற வசதி இருக்கு, அதை நீங்க முன்கூட்டியே பார்த்து வச்சுக்கணும். நிஜமாவே அதே தரம் கம்மிக்கு போயிருந்தா கோவப்படாம கொறைச்சுடுங்க, அவர் சொல்றது நியாயம்தானே.

கேள்வி: நூறு வருஷத்துக்கு மேல பழசான ஸ்டாம்ப் சார், எல்லாரும் அடிமாட்டு விலைக்கே கேக்கறாங்க.

பதில்: கோவிச்சுக்காதீங்க, ஒருத்தர் கேட்டா அது பேரம், அஞ்சு பேரும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கேட்டா அதான் மார்க்கெட். உலகத்தோட முதல் ஒட்டற தபால்தலை பென்னி பிளாக், 1840ல வந்தது, அதுவே சுமார் 6.8 கோடி அச்சடிச்சாங்க, அதனால முத்திரை குத்தினது இன்னைக்கும் தேடினா கிடைக்குது. வயசை மட்டும் வச்சு விலை போட்டா பேரம் பேச வர்றவர் ஜெயிக்கத்தான் செய்வார். எத்தனை மிச்சம் இருக்கு, ஓரம் முழுசா இருக்கா, பின்னாடி பசை இருக்கா, இதைப் பார்த்து திரும்ப விலை போடுங்க.

கேள்வி: பெட்டி கட்டற நேரத்துல வந்து "திரும்ப தூக்கிட்டு போறதுக்கு எனக்கே குடுத்துடுங்களேன்"ங்கறாங்களே?

பதில்: மூட்டை மூட்டையா பழைய பத்திரிகைன்னா குடுத்துடுங்க, முதுகாவது மிஞ்சும். ஸ்டாம்ப் ஆல்பம் என்ன அம்மிக்கல்லா?