வேலைத்தளத்தில் இனவாதம்: கேள்வி பதில்

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கந்தோர்களில் (அரச அலுவலகங்களில்) 31 வருஷம் நிர்வாகப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். முறைப்பாட்டுக் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். எது நடந்தாலும் அன்றைக்கே எழுதி வையுங்கள்: திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் இருந்தவர் யார். கேட்பவர்களின் பெயருக்குப் பதில் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சரி, கேளுங்கள்.

செங்கலடி: அக்கா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒருவர் முஸ்லிம்களைச் 'சோனி' என்று இழிவாகச் சொல்லிப் பகிடி விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் சின்ன உத்தியோகம். என்ன செய்ய?

தங்கச்சி, நான் பெரிய உத்தியோகத்தில் இருந்தபோதே வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். 2019 ஜூன், நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை. ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவரின் குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் எழுதுவினைஞர் ஒருவர், முஸ்லிம் சகோதரி, வழமைபோல வட்டலப்பம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கஜு. போன வருஷம் பத்து நிமிஷத்தில் முடிந்த தட்டு அது. அன்றைக்கு ஒருவரும் கை வைக்கவில்லை. நான் எடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நானும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அவர் மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எழுத ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது இனவாதம்தான். அதில் என் பங்கும் இருந்தது.

அதனால் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில், சிரிக்காதீர்கள். சிரிப்பு நின்றால் பகிடிக்காரருக்கு ருசி போய்விடும். பிறகு அன்றைக்கே, முடிந்தால் எல்லோர் முன்னும், இல்லாவிட்டால் படிக்கட்டில் தனியாக, 'அண்ணன், அந்தச் சொல் வேண்டாம். எனக்குக் கேட்க ஏலாமல் இருக்கு' என்று சொல்லுங்கள். 'முஸ்லிம் ஆக்கள் கேட்டால் கோபப்படுவாங்க' என்று சொல்ல வேண்டாம். உங்களுக்கு ஏலாது என்று சொல்லுங்கள். பிரசங்கமும் வேண்டாம், இரண்டு வசனம் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லவே மாட்டீர்கள்.

அம்பாறை நகரம்: கந்தோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். 'அவங்கட கடையில சாப்பிடாதீங்க' என்று செய்தி வருகிறது. அழிப்பதா, விடுவதா?

தம்பி, நீங்கள் இருக்கிற ஊரிலேயே பதில் இருக்கிறது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கிளம்பியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது மாவுக் கட்டி. அந்த அறிக்கை வருவதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அழியுங்கள். அழித்தது ஏன் என்று குழுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன் திகதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கல்முனை: நான் முஸ்லிம், 24 வயது. கந்தோரில் 50 வயதுத் தமிழ் அண்ணன்மார் என்னைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது மரியாதையா, நக்கலா?

களுவாஞ்சிக்குடி (இடையில்): இதையும் இனவாதம் என்றால் எப்படி? அன்பாகத்தான் கூப்பிடுகிறோம்.

காத்தான்குடி: நாங்கள் வீட்டில் மூத்தவரைக் கூப்பிடுகிற சொல்தானே. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். 'காக்கா' நல்ல சொல், மூத்த சகோதரன் என்று அர்த்தம். நம் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு, பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கமும் உண்டு. முறை சொல்லிக் கூப்பிடுவது நமக்குப் புதிதில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது 'காக்கா, எவ்வளவு?' என்றால் அது மரியாதைதான்.

ஆனால் 24 வயதுப் பிள்ளையை 50 வயதுக்காரர் ஏன் அண்ணன் என்கிறார்? அதே கந்தோரில் முஸ்லிம் பொறியியலாளரைக் 'காக்கா' என்பாரா? அவர் 'சேர்'. தமிழ்ப் பிள்ளை என்றால் 'தம்பி', இல்லாவிட்டால் பெயர். இந்தப் பிள்ளைக்கு மட்டும் பெயரும் இல்லை, வயதும் இல்லை, ஆள் முஸ்லிம் என்பது மட்டும்தான் தெரிகிறது.

களுவாஞ்சிக்குடி: அவரே வந்து சொல்லியிருக்கலாமே.

புதிதாக வந்த 24 வயதுப் பிள்ளை உங்களிடம் வந்து சொல்வது லேசான வேலையா, தம்பி? அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் 'தம்பி' என்றே கூப்பிடுங்கள்.

ஆரையம்பதி: முஸ்லிம்களுடைய கந்தோரில் தமிழருக்கு நடப்பதை ஏன் கதைப்பதில்லை? (இதையே இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.)

நடக்கிறது. தமிழ் உத்தியோகத்தர் ஒருவரை மாதக்கணக்கில் ஒரு கோப்பும் கொடுக்காமல் வெறும் மேசையில் உட்கார வைத்த கந்தோரை நானே பார்த்திருக்கிறேன். அதைத் தட்டிக்கேட்க வேண்டிய முதல் ஆள் அங்கே இருந்த முஸ்லிம் சக ஊழியர். உங்கள் கந்தோரில் அந்த முதல் ஆள் நீங்கள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளில் சொந்தங்களைப் பறிகொடுத்த முஸ்லிம்களும் தமிழரும் இன்று பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். யார் முதலில் தொடங்கியது என்று அந்த மேசையில் வைத்துக் கணக்குப் பார்க்க ஏலாது.

வாழைச்சேனை: சட்டத்தில் இடம் இருக்கிறதா?

அரச வேலை என்றால் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டக் கூடாது. உயர் நீதிமன்றத்துக்கு (நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம்) போக ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. தனியார் கம்பனி என்றால் இந்த வழி பொதுவாகத் திறக்காது. முதலில் முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று: கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகம்) கடிதம் சிங்களத்தில் மட்டும் வருகிறது.

தமிழில் பெறுவது உங்கள் உரிமை. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், கடிதத்தின் பிரதியோடு.

மட்டக்களப்பு: ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்னைத் 'தோட்டக்காட்டாள்' என்கிறார். அவரும் தமிழர்தான்.

தமிழர் சொன்னாலும் அது அதேதான் மகள். மலையகத் தோட்டத்து ஆள் என்று பிறந்த இடத்தைச் சொல்லி இழிவுபடுத்துகிறார். கேட்டுக்கொண்டு பக்கத்து மெஷினில் தைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தலையை நிமிர்த்தி அவரைப் பாருங்கள், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து முகாமையாளரிடம் போங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஏறாவூர்: எப்படி முறையிடுவது?

மேலே சொல்லிவிட்டேன். அன்றைக்கே எழுதுங்கள். ஒரு மாதம்.

சம்மாந்துறை: ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை.

அது தொழில் திணைக்களம்.

செங்கலடி (மீண்டும்): அக்கா, அந்தச் சகோதரியிடம் பிறகு கதைத்தீர்களா?

ஓய்வு பெற்ற கிழமை வீட்டுக்குப் போனேன். சொல்லத் தொடங்கும்போதே, 'தெரியும் மிஸ், நீங்க அண்டைக்கு எடுக்கல்ல' என்றார். பிறகு அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒன்பது பேரின் பெயரையும், யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.