எடி ராபின்சன் யாரோடு ஆடினார்?

கேள்வி (வாசகர், திருச்சி): முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 408 ஆட்டங்களை வென்ற எடி ராபின்சனை மாபெரும் பயிற்சியாளர் என்று புகழ்கிறார்கள். ஆனால் அவருடைய கிராம்ப்ளிங் அணி மோதியதெல்லாம் சின்னக் கல்லூரிகளோடுதானே? பெரிய பல்கலைக்கழகங்களை எதிர்த்து 409 ஆட்டங்களை வென்ற ஜோ பேட்டர்னோவுக்குச் சமமாக அவரை வைக்கலாமா?

பதில்: சின்னக் கல்லூரிகளை ராபின்சன் விரும்பித் தேடிப் போனார் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அதை முதலில் அகற்றிவிட வேண்டும். 1919-இல் லூசியானா மாநிலத்தில், விளைச்சலில் பங்குக்கு நிலம் உழுத தந்தைக்கும் வீட்டுவேலை செய்த தாய்க்கும் பிறந்த அந்தக் கறுப்பினச் சிறுவர் வளர்ந்த பேட்டன் ரூஜ் நகரிலேயே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் கால்பந்து அணியில் கறுப்பின மாணவர்களுக்கு இடம் கிடைத்தது 1970-களின் தொடக்கத்தில்தான். அதற்குள் ராபின்சன் பயிற்சியாளராக முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டார். அலபாமா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டின் அணியிலும் 1971-க்கு முன்பு ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் களமிறங்கியதில்லை. தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் வாசலை அடைத்து வைத்திருந்த காலத்தில், அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரைப் பார்த்து "நீ ஏன் உள்ளே வந்து ஆடவில்லை?" என்று கேட்பது நியாயமாகாது.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1985 அக்டோபரில், டல்லஸ் நகரில் பிரெய்ரி வியூ அணியை வென்று, பிரையன்ட்டின் 323 வெற்றிகளை ராபின்சன் தாண்டியபோதே இதைக் கேட்டார்கள். எந்தப் பள்ளியில் படிப்பது என்பதையும், பயிற்சியாளரான பிறகு யாரை அணியில் சேர்ப்பது, யாரோடு ஆடுவது, எங்கே ஆடுவது என்பதையும் பிறர்தான் தமக்கு முடிவு செய்தார்கள் என்றும், அந்த அமைப்புக்குள் தம்மால் முடிந்ததைச் செய்ததாகவும் அவர் பதில் சொன்னார். அதற்குமேல் அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. அவருக்காக மல்லுக்கு நிற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மாட்டுத்தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ராபின்சன், 1941-இல், தம் 22-ஆம் வயதில், மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளத்தில் வடக்கு லூசியானாவின் ஒரு கறுப்பினக் கல்வி நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் கிராம்ப்ளிங் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். உதவியாளர் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால், மைதானத்தில் புல் வெட்டுவதும், கோடு போடுவதும், ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும், ஆட்டம் முடிந்தபின் செய்தி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதும் அவர் வேலையாகவே இருந்தன. வெளியூர்ப் பயணங்களில் வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறாது என்பதால், புறப்படுமுன் சாண்ட்விச்சும் செய்து எடுத்துக்கொண்டார். முதல் ஆண்டில் மூன்று ஆட்டங்களில்தான் வெற்றி. மறு ஆண்டு, 1942-இல், ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பேட்டர்னோவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த பணமும் வசதியும் இந்த மனிதருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இருவரையும் ஒப்பிடுகிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?

வெற்றிப் பட்டியல்களின்மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பழக்கமானது. அதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. 2011 அக்டோபரில் பேட்டர்னோ 409-ஆவது வெற்றியைப் பெற்று ராபின்சனை முந்தினார். சில நாட்களிலேயே, அவருடைய முன்னாள் உதவிப் பயிற்சியாளர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்கு வெடித்து, பேட்டர்னோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2012-இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு அவருடைய 111 வெற்றிகளைத் தண்டனையாக அழித்தது. 2015-இல் வழக்குச் சமரசத்தின்போது அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆக, 2007-இலேயே காலமாகிவிட்ட ராபின்சன், பிறருடைய குற்றத்தால் கல்லூரிக் கால்பந்தின் முதல் பிரிவில் முதலிடத்துக்கு வந்து, பிறருடைய ஒப்பந்தத்தால் இரண்டாமிடத்துக்குப் போனார். இப்படி ஏறி இறங்கும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவரின் தகுதியை அளக்கச் சொல்கிறீர்கள். அதை நான் ஏற்க மாட்டேன்.

அவரை அளக்க வேண்டுமென்றால் அவர் உருவாக்கிய ஆட்டக்காரர்களைக் கொண்டு அளக்கலாம். 1949-இல் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குச் சென்றபோது, கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசியக் கால்பந்து லீக் எனும் தொழில்முறைப் போட்டிக்குள் நுழைந்த முதல் ஆள் அவரே. நீ தோற்றால் உன்னோடு கதவை மூடிவிடுவார்கள், உங்களில் சிறந்தவனையே எடுத்துப் பார்த்துவிட்டோம் என்று சொல்வார்கள் என எச்சரித்துத்தான் ராபின்சன் அவரை அனுப்பி வைத்தார். யங்கர் தோற்கவில்லை, அவருக்குப் பின் 200-க்கும் மேற்பட்ட கிராம்ப்ளிங் மாணவர்கள் தொழில்முறைக் கால்பந்துக்குள் சென்றார்கள்.

அவர்களிலும் எனக்கு முக்கியமானவர்கள் குவார்ட்டர்பேக்குகள். இந்தக் கால்பந்தில், ஒவ்வொரு நகர்வையும் தொடங்கி வைப்பவரும், பந்தை யாருக்கு எறிவது என்று நொடிப்பொழுதில் முடிவெடுப்பவரும், அணியின் மூளையாக நிற்பவரும் குவார்ட்டர்பேக்தான். கறுப்பினத்தவருக்கு அந்த இடத்துக்கான அறிவும் தலைமைப் பண்பும் இல்லை என்பது தொழில்முறை அணிகளில் நெடுங்காலம் வெளிப்படையாகவே உலவிய எண்ணம். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிவிட்டு வந்த கறுப்பின இளைஞர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. ராபின்சன் அந்த எண்ணத்தை மேடையேறித் தாக்கவில்லை. அதைப் பொய்யாக்கும் ஆட்களைத் தயார் செய்தார். தொழில்முறை அணிகள் ஆடும் முறையிலேயே பயிற்சி கொடுத்து அவர் வளர்த்த ஜேம்ஸ் ஹாரிஸ், 1969-இல் பஃபலோ பில்ஸ் அணிக்காக, பருவத்தின் முதல் ஆட்டத்தையே தொடங்கி வைத்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார். அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31 அன்று சான் டியாகோவில் நடந்த, தொழில்முறைக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், வாஷிங்டன் அணி முதல் கால்பகுதியில் 10 புள்ளிகள் பின்தங்கியிருக்க, முழங்கால் முறுக்கிக்கொண்ட நிலையிலும் அவர் திரும்பி வந்து இரண்டாம் கால்பகுதியில் மட்டும் எதிரணியின் முடிவுக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் எறிதல்கள் நான்கைக் கொடுத்தார். அந்த ஒரு கால்பகுதியில் வாஷிங்டன் 35 புள்ளிகள் எடுத்தது. டென்வர் அணியை 42-10 என்று வென்ற அந்த நாளின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. சூப்பர் பவுலை வென்று கொடுத்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்கை உலகுக்குத் தந்தது நீங்கள் சொல்லும் சின்னக் கல்லூரிதான்.

அதே ராபின்சன்தான் அதிகாலையில் விடுதி அறைகளின் வழியே மணியை ஆட்டிக்கொண்டு நடந்து, ஆட்டக்காரர்களை வகுப்புக்கு எழுப்பி அனுப்பியவர். ஒவ்வொரு மாணவனுக்கும், நாளை தன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று நினைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொன்ன பேச்சு.

குறை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. 400-ஆவது வெற்றி வந்த 1995 முதல் 1997 வரையிலான மூன்று பருவங்களிலும் அவருடைய அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். 1996-இன் முடிவில் அவரை விலக்கப் பேச்சு எழுந்தபோது, மாநில ஆளுநரே தலையிட்டு இன்னும் ஓராண்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அவர் இறங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சரிவுக்கு வயது மட்டும் காரணமல்ல. பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்தபின், முன்பு கிராம்ப்ளிங்குக்கு மட்டுமே வரக்கூடியவர்களாக இருந்த இளைஞர்களை அவை பெரும் பணத்தோடு அள்ளிச் சென்றன. அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று விரும்பியவர் ராபின்சன். அது திறந்ததற்கான விலையைக் கொடுத்ததும் அவருடைய அணிதான்.

பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய் அவர் தம்மை நிரூபித்திருக்கலாமே என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவில் ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளராக முதன்முதலில் அமர்த்தப்பட்டது 1979-இல், விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில். அவர் வில்லி ஜெஃப்ரீஸ். அப்போது ராபின்சனுக்கு வயது 60. அலபாமாவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக சில்வெஸ்டர் குரூம் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியை 2004-இல் களத்துக்கு அழைத்து வந்தபோது, ராபின்சன் ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.