கரண்ட் வயரில் போகும் இணையம் மதிலோடு நிற்குமா?

கேள்வி (வாசகி, கோண்டாவில்): எங்களுடையது அம்மம்மா காலத்து நாற்சார் வீடு. ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள், அவளுடைய அறை பின்னால் குசினிக்குப் பக்கத்தில். அங்கே வைஃபை ஒரு கோடுதான் காட்டும், சூம் வகுப்பு நடுவில் நின்றுவிடும். லண்டனில் இருக்கிற தம்பி, கரண்ட் பிளக்கில் செருகி இணையம் கொண்டுபோகிற இரண்டு பெட்டிகள் அனுப்பியிருக்கிறான். பின்னுக்குப் பூட்டுகிற பெட்டி வைஃபையும் தருமாம். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணை, "கரண்ட் வயரால போனா உங்கட நெற் எங்கட வீட்டுக்கும் வரும்" என்று சொல்லிவிட்டார். பூட்டலாமா, விடலாமா?

பதில்: பூட்டுங்கள் தங்கச்சி. ஆனால் அந்த அண்ணை சொன்னதைத் தள்ளிவிடவும் வேண்டாம், அதில் பாதி உண்மை இருக்கிறது.

உங்கள் வீட்டில் வைஃபையை மறிப்பது சுவர்தான். சுண்ணாம்புக்கல்லில் ஒன்றரை அடி மொத்தத்தில் கட்டிய சுவர் இரண்டைத் தாண்டினால் அலையில் மிச்சம் அதிகம் இராது. தம்பி அனுப்பிய மாதிரிப் பெட்டிக்குப் பவர்லைன் பெட்டி என்று பெயர், அது அந்தச் சுவரோடு மல்லுக்கட்டுவதில்லை. வீட்டு வயரிங்கில் 230 வோல்ட் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடிக்கொண்டு ஓடுகிறது. அதே செம்புக் கம்பியில், அதைவிடப் பல இலட்சம் மடங்கு வேகமாக ஆடுகிற ஒரு சிறு சமிக்ஞையை இந்தப் பெட்டி ஏற்றிவிடுகிறது. பின் அறையில் இருக்கிற பெட்டி அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

முதலில் பிளக் விஷயம். லண்டன் பெட்டி என்றால் 13 ஆம்பியர் சதுரக் கால். பழைய வீட்டில் பின்பக்கம் வட்டக்கால் 5 ஆம்பியர் பொயின்ற்தான் இருக்கும். அடப்டர் போட்டு ஆடிக்கொண்டு நிற்க விடாதீர்கள். ஒரு நல்ல வயர்மனைக் கூப்பிட்டு, எர்த் வயரோடு 13 ஆம்பியர் பொயின்ற் ஒன்று போடச் சொல்லுங்கள். எர்த் இங்கே பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, 2012க்குப் பிறகு வந்த ஏவி2 (AV2) என்ற புதிய தரப் பெட்டிகள் பல, எர்த் கம்பியையும் சேர்த்துப் பாவித்துத்தான் வேகம் எடுக்கின்றன. வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு என்றால், முன் பொயின்றும் பின் பொயின்றும் ஒரே பேஸில் இருக்கின்றனவா என்றும் அவரிடமே கேளுங்கள். பெட்டியை நேரே சுவரில் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் கோட்டில், அதுவும் மின்னல் பாதுகாப்பு உள்ள கோட்டில் செருகினால், அது இந்தச் சமிக்ஞையை அழுக்கென்று நினைத்து வடித்துவிடும்.

மோட்டரும் ஒரு எதிரி. என் வீட்டில் காலை கிணற்று மோட்டர் போட்டவுடன் பெட்டியின் பச்சை விளக்கு செம்மஞ்சளாகும், சில நாளில் சிவப்பாகும். தொட்டி நிரம்பி மோட்டர் நின்றதும் பச்சை திரும்பிவிடும். மலிவான போன் சார்ஜரும் இப்படிச் செய்யும், அதைப் பக்கத்துப் பொயின்ற்றில் குத்த வேண்டாம். பெட்டியில் வேகம் 600 மெகாபிற் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறவும் வேண்டாம். அந்த வகைப் பெட்டிகளில் பலவற்றின் லான் துளையே (நெற் வயர் செருகுகிற துளை) 100க்கு மேல் விடாது. மகளின் வகுப்புக்கு அதில் ஒரு பங்கு கிடைத்தாலே தாராளம்.

இனிப் பக்கத்து வீட்டுக் கதை. மீட்டர் இந்தச் சமிக்ஞையை நலிய வைக்கும், ஆனால் முழுதாக மறிக்கும் என்று நம்ப முடியாது. ஒரே கம்பத்தில் இருந்து கரண்ட் எடுக்கிற வீடுகளுக்குள் அது எட்டிப்பார்க்கலாம். சகோதரிகள் இருவர் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட ஒரு சீதன வீட்டில் இதை நான் கண்ணால் கண்டேன். வயரிங் பழையபடி ஒன்றாகவே இருந்தது. இருவரும் ஒரே வகைப் பெட்டி வாங்கி, பெட்டியில் இருந்து எடுத்தபடியே செருகியிருந்தார்கள். அக்காவின் கணினியில் தங்கச்சி வீட்டுப் பிரிண்டர் வந்து நின்றது. திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. சமிக்ஞையைப் பூட்டத் தொழிற்சாலையில் போட்ட இரகசியக் குறியீடு, அதாவது சாவி, இரண்டு சோடிக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

அதனால்தான் பெட்டியில் 'பெயர்' (ஆங்கிலத்தில் Pair) என்ற பொத்தான் இருக்கிறது. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சோடி சேர்க்கிற பொத்தான் அது. இரண்டு பெட்டியையும் முதலில் ஒரே அறையில் செருகுங்கள். அந்தப் பொத்தானை நீளமாக அழுத்தினால் பழைய சாவியை மறந்துவிடும். எத்தனை செக்கன் என்பது கையேட்டில் இருக்கும். பிறகு ஒன்றில் சிறிதாக அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதில் அழுத்த வேண்டும். விளக்கு நிலையாக எரிந்தால் உங்கள் சோடிக்கென்று புதிய சாவி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கம்பியில் போவதெல்லாம் 128 பிற் ஏஇஎஸ் (AES) என்ற மறைகுறியீட்டுப் பூட்டுக்குள் போகும். மதிலுக்கு அங்கால் போனாலும் அண்ணையின் வீட்டில் அது வெறும் இரைச்சல்.

நான் அதிகம் கவலைப்படுவது பின் பெட்டியின் வைஃபையைப் பற்றித்தான். கம்பியை இவ்வளவு கவனமாகப் பூட்டிவிட்டு, ஸ்டிக்கரில் இருக்கிற பாஸ்வேர்டையே வைத்திருப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். வந்தவர் எவரும் அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுக்கலாம். பெட்டியின் செற்றிங் பக்கத்துக்குப் போய் முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. பெயரும் பாஸ்வேர்டும் முன் ரவுட்டரில் இருப்பதே இங்கும் இருந்தால், மகள் முற்றத்தைத் தாண்டி நடக்கும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர விடுகிற டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை இரண்டிலும் நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்க இரகசிய எண்ணை (PIN) இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், 11,000 தடவைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே வெளிவந்துவிட்டது.

பாஸ்வேர்டுக்குப் பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். ஒன்றோடொன்று சேராத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்குங்கள்: வடலி, சுளகு, தபால்பெட்டி, நண்டு என்பது மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள், இது இப்போது அச்சில் வந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்தால், முன் ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை ஒன்று திறந்து அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். அவர்கள் போனதும் மூடிவிடலாம்.

கேள்வி (வாசகர், சங்கானை): கரண்ட் போனால் பவர்லைன் பெட்டி வேலை செய்யுமா? வீட்டில் இன்வேர்ட்டர் இருக்கிறது.

பதில்: ரவுட்டரும் இரண்டு பெட்டிகளும் இன்வேர்ட்டர் ஓட்டுகிற லைனில் இருந்தால் பெரும்பாலும் செய்யும். ஒன்று அந்த லைனிலும் மற்றது மெயின் லைனிலும் இருந்தால், கரண்ட் போன நேரம் ஒன்று இருட்டில் கிடக்கும். ரவுட்டரைச் சிறு யூபிஎஸ்ஸில் வைக்கலாம், பெட்டியை அதில் செருக வேண்டாம், யூபிஎஸ்ஸும் சமிக்ஞையை வடிக்கும். இன்வேர்ட்டரில் ஓடும்போது வேகம் குறைகிறதா என்று ஒரு நாள் மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்துவிடுங்கள், பரீட்சைக்கு முதல் நாள் வரை விட்டுவைக்காமல்.